குதிரையின் மூச்சு

அய்யனார் கோயில் மண்குதிரையின் வயிற்றில் காதை வைத்து அப்படி என்னதான் கேட்கிறேன் என்று தெரிந்தே ஆகவேண்டுமா உனக்கு? அடியே பேத்தி, கட்டிய புருஷன்கூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை. உட்கார். நடுவில் போனை எடுத்தாயானால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

நார்த்தாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊருக்கு ஒரு டீச்சரம்மா வந்தார். எந்தப் பூச்சி வந்து போனால் பூ காயாகிறது என்று கவனிக்க, பெண்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார். விடிந்ததும் பூசணிப் பூவுக்கு முன்னால் அசையாமல் உட்கார வேண்டும். "என்னையப் பொண்ணு பாக்க வந்தவரக்கூட நான் இப்புடிப் பாத்ததில்லைங்க" என்றேன். "பாத்திருந்தா தப்பிச்சிருப்பீங்கள்ல அப்பத்தா" என்றார். என் வாயை அடைத்த ஒரே ஆள் அவர்தான்.

பூவைவிட்டுப் பறந்த தேனீக்களின் பின்னாலேயே நடந்து, அவை அய்யனார் கோயில் காட்டில் நிற்கும் பெரிய மண்குதிரையின் மூக்குக்குள் நுழைவதைக் கண்டுபிடித்தார். மண்குதிரை உள்ளே வெறும் கூடுதானே. வயிறு நிறையத் தேனடை. காதை வைத்தால் குதிரை மூச்சுவிடுவது போலிருக்கும். "இந்த ஓட்டைய மட்டும் அடைச்சுராதீங்க. ஒங்க பூசணிக்கு இதுதான் உசுரு" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போனார்.

அவர் இல்லாத நேரத்தில், சாமிக்குப் புது மண்குதிரைகளைச் சுமந்துவந்து வைக்கும் குதிரையெடுப்புத் திருவிழா வந்தது. புதுக் குதிரைகளுக்குப் பக்கத்தில் பழையது மூளியாக நிற்கக்கூடாதென்று, பொழுதுசாய்ந்து தேனீக்கள் உள்ளே போய் அடைந்த பிறகு, பூசாரி பக்தியோடு வெடிப்பையும் மூக்கையும் சிமெண்டால் பூசிவிட்டார்.

டீச்சரம்மா திரும்பி வந்தபோது உள்ளே இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. "ஒடைச்சு விடுங்கய்யா" என்று கெஞ்சினார். பூசாரி கைகூப்பினார். "கண்ணு தொறந்த குதிரைம்மா. உளி வச்சா ஊருக்கு ஆகாது. சாமிகிட்டப் பூக் கேப்போம்." வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் உடைக்கலாம். பிரித்துப் பார்த்தால் சிவப்பு.

டீச்சரம்மா குதிரையைக் கட்டிக்கொண்டு காதை வைத்தபடியே நின்றார். பொழுது சாயச் சாய இரைச்சல் இளைத்தது. அவர் காதை எடுத்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பிறகு அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

அந்த வருஷம் பூசணி பூத்துப் பூத்து உதிர்ந்தது. ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் நாங்களே தடவினோம், அவர் சொல்லித்தந்தபடி.

இப்போதும் போய்க் காதை வைக்கிறேன். ஒன்றும் கேட்காத நாளில் நிம்மதி. சில நாள் கேட்கிறது. அன்றைக்குச் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு வந்த குதிரைகள் எல்லாவற்றுக்கும் மூக்கு திறந்தே இருக்கிறது, பார்த்தாயா? ஒன்றில்கூட இன்னும் தேனீ குடிவரவில்லை. ஆனாலும் யாரும் அடைப்பதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களிடம் நான் சிரிக்காமல் சொல்லிவைத்தது அப்படி: "அய்யனாரு கனவுல வந்தாருடி. 'மூச்சு முட்டுற குதிரையில நான் எப்புடி ஊரச் சுத்துறது? இனிமே எவனாச்சும் மூக்க அடைச்சான்னா, அவன் முதுகுல ஏறிக்குவேன்'ன்னுட்டுப் போறாரு."