பங்கருக்கு மேலே நின்ற வண்டி

எங்கள் வீட்டில் நாலு சீவன்கள் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் மோட்டார் சைக்கிள். பக்கத்தில் சைட்கார் பூட்டிய, மூன்று சில்லுள்ள, யானைப் பாரமான பழைய வண்டி அது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை அதில் இருத்தித் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார். "மாஸ்டரின்ரை தேர் வருது" என்று கோப்பாய்ச் சந்தியில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அம்மாவுக்கு வெட்கம், அப்பாவுக்குப் பெருமை.

சண்டையால் பெற்றோல் வராமல் போன காலத்தில் தேர் படுத்துவிட்டது. மற்றவர்களின் மோட்டார் சைக்கிள்கள் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. தன்னுடைய எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றமாட்டேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அதனால் வண்டியை நாலடி நகர்த்துவதென்றாலும் கையால்தான் தள்ளவேண்டும். தள்ளுகிறவள் நான்.

குண்டுக்கு ஒளிக்கிற பங்கரை வண்டி நின்ற கராச்சுக்குள் வெட்டியதும் அவருடைய மூளைதான். ஊரெல்லாம் மாமரத்தடியில் வெட்டி, மாரியில் வெள்ளம் நிரம்பித் தவளை வளர்த்தார்கள். எங்களுடையது தகரக் கூரைக்குக் கீழே காய்ந்து கிடக்கும் என்றார். நீளவாக்கில் குழி, குறுக்கே பனங்குற்றிகள், அதற்கு மேலே மண். இறங்கும் வாய் பின்சுவர் ஓரமாக இருந்தது.

அதுவரைக்கும் சரி. மழை பிடித்ததும், வெளியே ஓலைக் கொட்டிலில் நனைகிற வண்டியை நினைத்து மனிதருக்கு நித்திரை இல்லை. "மழை விடுமட்டும்தான், பிள்ளை" என்று என்னையும் பிடித்துக் கராச்சுக்குள் தள்ளவைத்தார். மோட்டார் சைக்கிளின் இரண்டு சில்லும் குழிக்கு இந்தப் பக்கம், சைட்கார் சில்லு அந்தப் பக்கம். காலை அகட்டிக்கொண்டு பங்கருக்கு மேலே நின்றது வண்டி. "பாரமெல்லாம் கரையிலை. குற்றிக்கு ஒண்டும் வராது" என்றார். படிப்பித்த மனிதருக்குக் கணக்குப் பிழைக்கவில்லை. தகரத்தில் இருந்த ஓட்டையைத்தான் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

மழை விட்டு வானம் வெளித்த ஒரு காலையில் குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது. அம்மா உடனே பங்கருக்குள் இறங்கிவிட்டார். கிணற்றடியிலிருந்து நானும் தெருப் படலையடியிலிருந்து அப்பாவும் ஓடிவந்து கராச் வாசலில் கால் வைக்கிறோம், தோட்டங்களுக்கு அப்பால் முதல் குண்டு விழுந்தது. நிலம் ஆடியது. ஒழுக்குத் தண்ணீரில் ஊறிப்போயிருந்த கரை, எங்கள் கண்முன்னே, சைட்கார் சில்லுக்குக் கீழே பொதுக்கென்று இறங்கியது. இரண்டு குற்றிகள் சரிந்து பங்கர் வாயை அடைத்தன. வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, அதே குற்றிகளின் மேல் குந்தியது. இன்னும் ஒரு சாண் இறங்கினால் அது அம்மாவின் தலையில்தான்.

"அம்மா!" என்று கத்தினேன்.

"இருக்கிறன். ஒரு கீறு வெளிச்சம் தெரியுது. உன்ரை கால் தெரியுது, பிள்ளை. அதைப் பாத்துக்கொண்டிருக்கிறன், பயமில்லை."

வண்டியைப் பின்பக்கமாக வாசலுக்கு இழுத்தோம். அசையவில்லை. மீண்டும் இழுத்தோம். ஒவ்வொரு இழுவைக்கும் வண்டி நடுங்க, மண் பொலபொலவென்று உள்ளே கொட்டியது. அம்மா இருமினார்.

"ஐயோ, கியரிலை எல்லோ கிடக்கு!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். உருண்டுவிடும் என்று எப்போதும் கியரில் விட்டுவிட்டுப் போவது அவர் பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் இவ்வளவு நேரமும் மல்லுக்கட்டினோம்.

கியரை எடுத்துவிட்டார். ஆனால் சில்லு இளகிய மண்ணில் புதைந்திருந்தது. "நீ சைட்காரைத் தூக்கிப் பிடி. நான் பலகையைக் கீழை குடுக்கிறன்" என்று சொல்லி நிலத்தில் குப்புறப் படுத்தார். நான் குனிந்து விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். இரும்பு விரல்களை அறுத்தது. பலகை பாதி போயிருக்கும். பொம்மர் திரும்பி வந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? வானம் முழுவதும் என் முதுகை நோக்கி இறங்கியது போலிருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை விட்டது. கால் ஓடியது. கண் திறந்தபோது வெளியே மாமரத்தடிச் சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தேன்.

குண்டு எங்கோ விழுந்தது. சத்தம் தேய்ந்த பிறகுதான் அப்பாவின் நினைவு வந்தது. திரும்பி ஓடினேன்.

சைட்காரின் விளிம்பு அவருடைய தோளில் கிடந்தது. முழங்காலில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, தனியே தாங்கிக்கொண்டிருந்தார். சட்டையில் இரத்தம். "வந்திட்டியே? பிடி, பிள்ளை" என்றார்.

பிடித்தேன். பலகையை இறுக்கினார். இருவருமாக இழுக்க, வண்டி முனகிக்கொண்டு பலகையில் ஏறி, பின்பக்கமாக உருண்டு முற்றத்தில் போய் நின்றது. அலவாங்குக் கம்பியால் குற்றிகளைப் புரட்டினோம். தலையெல்லாம் மண்ணோடு, கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு அம்மா ஏறி வந்தார். வந்தவுடன் அப்பாவின் தோளைப் பார்த்தார். பிறகு என் முகத்தில் இருந்த சேற்றைப் பார்த்தார். கராச்சுக்குள் அப்படிச் சேறு கிடையாது.

பின்னேரம் அயல் பெண்கள் விசாரிக்க வந்தார்கள். நான் தேநீர் கொடுத்துக்கொண்டு நின்றேன். அம்மா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்: ஒழுக்கு, கியர், பலகை. இனி நான் ஓடியதைச் சொல்வாரோ என்று அவருடைய வாயையே பார்த்தேன்.

"பொம்மர் தலைக்கு மேலை வந்தும் பிள்ளை அசையேல்லை. கடைசிமட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டவள்" என்றார் அம்மா.

அப்பா தேநீரை ஊதினார். பெண்கள் என்னைப் பார்த்து மெச்சினார்கள். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, அந்தக் கீறு வெளிச்சத்தில் பார்த்திருந்த என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.