மதினியின் மடக்கு ரொட்டி

எங்கள் அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பலாப் பலகையை எடுக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் எரிகிறது. சாப்பிட உட்காருவதற்காக அப்பா அம்மாவுக்குச் செய்து கொடுத்த பலகை அது. அடியில் கால்கட்டை கிடையாது. இரண்டு பக்கமும் தட்டை. அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டது. தேவாரம் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் ஒருமுறை உட்காரப்போய் முதுகில் வாங்கியிருக்கிறேன். அந்தப் பலகையைத்தான் என் மதினி, அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதிலேயே, ரொட்டி அழுத்துவதற்கு எடுத்துக்கொண்டாள். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மா சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மதினி மலைக்காரி. கேரளத்துப் பூப்பாறைப் பக்கம், ஏலத் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தோட்ட வேலை. எங்கள் அண்ணன் ஜீப்பு ஓட்டினான். ஊரிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவான். சாயங்காலம் அவர்களோடு இறங்குவான். அப்படி ஏறி இறங்கியதில் ஒருநாள் தன் கல்யாணச் சேதியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அம்மா முதலில் முடியவே முடியாது என்றாள். அவன் சண்டை போடவில்லை. "ஒனக்கு வேண்டாம்னா விடும்மா, நாங்க மேலயே இருந்துக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டான். அதற்கு மறுநாள் அம்மா தாம்பூலத் தட்டுக்கு ஆள் அனுப்பினாள். அவ்வளவு வெரசா அம்மா மனசு மாறி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் காலேஜ் போக அனுமதி வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிப்போனது.

கல்யாணத்துக்கு முன்னால் மதினி மூணாறு போகிற வழியில் ஒரு பெரிய விடுதியின் சமையற்கட்டில் வேலை பார்த்தாள். வெங்காயம் நறுக்கப் போனவள், வெள்ளைக்காரர்கள் கேட்பதையெல்லாம் செய்யக் கற்றுக்கொண்டாள். உள்ளே கறி வைத்து மடக்கித் தின்கிற மெக்சிகோ ரொட்டி, டாக்கோ. அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்தான். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. மடக்கு ரொட்டி என்று வைத்துவிட்டாள். மருமகளுக்காகப் பெயர் எல்லாம் வைத்தாள், பாருங்கள்.

மடக்கு ரொட்டிக்குள் மதினி வைத்தது மாட்டுக்கறி. இதன் கனம் தெரிய வேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடு, கோழி, அயிரை மீன் எல்லாம் சமைப்போம். மாட்டுக்கறி மட்டும் வாசல் ஏறாது. வீட்டை ஒட்டித்தான் தொழுவம். அம்மா காளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் காட்டுகிறவள். ஆனால் மலைக்குப் போகிறவர்கள் மலையில் கிடைப்பதைத் தின்னத்தான் செய்வார்கள். பரோட்டாவும் பீஃப் வறுவலும் தின்றுவிட்டு இறங்கும் ஆம்பளைகள் முன்வாசல் வழியாக வர மாட்டார்கள். கொல்லையைச் சுற்றி வந்து, தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வேட்டி மாற்றித்தான் வீட்டுக்குள் வருவார்கள். அம்மாவும் அவர்களை எதுவும் கேட்க மாட்டாள். தின்றவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வழக்கம் அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வழக்கம் ஆம்பளைகளுக்கு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாமல் போனது. காலேஜில் படிக்கும்போது கூட்டாளிப் பெண்களோடு பூப்பாறை வரைக்கும் போய் நானும் ஆசை தீரத் தின்றேன். பிறகு அண்ணன் செய்வதைப் போலவே கொல்லைப் பக்கமாக வந்து, நல்ல பிள்ளையாகத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வேளை கெட்ட வேளையில் நான் தொட்டியடியில் நிற்பதைப் பார்த்ததுமே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. என் வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். வாளியை எடுத்தாள். போட்டிருந்த சுடிதாரோடு, அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க, மூச்சுத் திணறத் திணற ஊற்றினாள். "மேல தின்னத மேலயே விட்டுட்டு வரணும்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். அதன் பிறகு ரொம்ப நாளைக்கு எனக்குத் தனித் தட்டு. அண்ணனுக்கு ஒரு நாளும் தனித் தட்டு கிடையாது.

இப்போது, மதினி பலகையை எடுத்த அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். எனக்குப் போடியில் கல்யாணமாகி, ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்ததால் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாமென்று பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே மணம் வந்துவிட்டது. கொல்லையிலிருந்து வரவில்லை. அடுப்படிக்குள்ளிருந்து வந்தது. போய்ப் பார்த்தால், அம்மாவின் அடுப்பில், அம்மாவின் இரும்புச் சட்டியில் மாட்டுக்கறி வதங்கிக்கொண்டிருக்கிறது. மதினி கறியைப் பொடிப்பொடியாகக் கொத்தி, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, நிறையக் காந்தாரி மிளகாய் போட்டு, தண்ணீர் சுண்டிக் கறி கருகருவென்று சட்டியில் ஒட்டும் வரை கிளறிக்கொண்டிருந்தாள். ஏலக்காய் மட்டும் போடவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசத்திலேயே கிடந்தாயிற்று, சோற்றிலுமா அது வேண்டும் என்பாள். நான் நாளெல்லாம் ஏலக்காய்க்குள் கையை விட்டுப் பிழைக்கிறவள். அவள் அப்படிச் சொன்னது என்னைக் குத்துவதற்காகத்தான் என்று அன்றைக்கு நான் முடிவே கட்டிவிட்டேன்.

எங்கள் பக்கம் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகும். அதை மாவாக அரைத்துக்கொண்டுவந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி வைத்திருந்தாள். ஏலக்காய் மூட்டைக்குள் போடும் பிளாஸ்டிக் தாளைக் கழுவி, இரண்டாக வெட்டி, நடுவில் ஓர் உருண்டையை வைத்தாள். அதன்மேல் அந்தப் பலகையை வைத்தாள். "அத்தே, கொஞ்சம் உக்காருங்க" என்றாள். அம்மா கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தாள். "மதி, மதி, எந்திரிங்க" என்று, போதும் என்பதை மலையாளத்திலும் மிச்சத்தைத் தமிழிலுமாக மதினி சொல்ல, அம்மா எழுந்தாள். மெலிதான ரொட்டி வட்டமாக இருந்தது. அதைக் கல்லில் போட்டுவிட்டு அடுத்த உருண்டை. அம்மா மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அம்மா அப்போது நல்ல கனமான உடம்பு. ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். நான் தோளில் மாட்டிய பையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என்னை வாளித் தண்ணீரில் முக்கியெடுத்த பொம்பளைதானா இவள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மதினி ரொட்டியை மடக்கி, கறியை அள்ளி வைத்து, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, எலுமிச்சை பிழிந்து, முதலில் அம்மா கையில் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். அண்ணன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா ஒரு வாய் கடித்தாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். இன்னொரு வாய், இன்னொரு மடக்கு. காரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். "கொள்ளாமா அத்தே?" என்று கேட்டாள் மதினி. நன்றாக இருக்கிறதா என்று மலைப்பக்கம் அப்படித்தான் கேட்பார்கள். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்குத்தா, ஒன் கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்றாள். சோறு பொங்கியது, குழம்பு வைத்தது என்று நானும் அந்த அடுப்படியில் எத்தனையோ வருசம் வெந்திருக்கிறேன். என்னைப் பார்த்து அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கும் மதினி ஒரு ரொட்டி கொடுத்தாள். வீம்புக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, பிறகு தின்றேன். பாவி, அவ்வளவு ருசியாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அதற்குப் பிறகு புதன்கிழமை ஆனால் அந்த வீட்டில் மடக்கு ரொட்டிதான். நான் போனால் அம்மா மருமகள் புராணம் பாடுவாள். என் இரண்டு பிள்ளைகளும் லீவு விட்டால் அத்தை வீடு, அத்தை வீடு என்று குதிப்பார்கள். வீட்டில் நான் என்ன செய்து போட்டாலும் அத்தை செய்வது மாதிரி இல்லை என்பார்கள். மதினியைக் குறை சொல்லவும் முடியாது. ஒருநாளும் என்னை முகம் சுளித்துப் பார்த்தவள் இல்லை. பண்டிகைக்கு எனக்குச் சேலை எடுக்க வேண்டுமென்று அண்ணனுக்கு ஞாபகப்படுத்துகிறவளே அவள்தான் என்று கேள்வி. நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது மாதிரி ஒரு வேதனை கிடையாது. கெட்டவளாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம்.

சில வருசம் கழித்து, மலைக்குச் சுற்றிப்பார்க்க வருகிற கூட்டம் பெருகியபோது, அண்ணனும் மதினியும் பூப்பாறைக்குக் கீழே ரோட்டோரமாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டுக்கொண்டு மேலேயே குடியேறிவிட்டார்கள். அம்மாவையும் கூப்பிட்டார்கள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அம்மா கீழேயே தனியாக இருந்தாள். கண் ஆபரேசன் முடிந்த பிறகு நான்தான் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஒரு துணிமூட்டையோடும் இந்தப் பலகையோடும் வந்தாள். முழங்கால் வலியால் இப்போது அவளால் கீழே உட்கார முடியாது, நாற்காலியில்தான் சாப்பாடு. ஆனாலும் பலகையை விட்டுவிட்டு வர மனசில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. சாயங்காலமானால், மேலே ஒரு போன் போட்டுக் கொடு என்பாள். போனை வாங்கியதும் முதலில் மதினியிடம்தான் பேசுவாள்.

போன புதன்கிழமை அண்ணன், இறங்குகிற ஜீப்பில் நல்ல மாட்டுக்கறியாகக் கொடுத்துவிட்டிருந்தான். போடியிலும் கிடைக்கும்தான். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் வாங்குவது பெரிய சோலி. வேலைவிட்டு வந்த அலுப்போடு அடுப்படிக்குள் நுழைந்தேன். மதினி செய்தது போலவே கொத்தினேன், வதக்கினேன், காந்தாரியைக் கூடுதலாகவே போட்டேன். கடைசியில் கை சும்மா இருக்காமல் ஏலக்காயையும் தட்டிப் போட்டேன். என் வீட்டில் என் வாசமும் இருக்கட்டுமே. பலகையில் முழங்காலை ஊன்றி அழுத்தினேன். ரொட்டி ஓரங்களில் வெடித்தாலும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் குறை சொல்லாமல் தின்றார்கள். ஏலக்காய் போட்டியா என்று மூத்தவள் மட்டும் கேட்டாள். ஆமா, அதுக்கென்ன இப்போ என்றேன்.

பிறகு இருப்பதிலேயே நல்ல ரொட்டியாகப் பார்த்து மடக்கி அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். இத்தனை வருசமாக நான் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அம்மா தட்டைப் பார்த்தாள். "எனக்கு வேணாம்த்தா. மோர் இருந்தா ரெண்டு வாய் சோத்தக் கரைச்சுக் குடு" என்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "மதினி குடுத்தா திம்ப. நான் குடுத்தா திங்க மாட்ட. அப்படித்தான?" என்றேன். பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அது என்னைக்குடி தொண்டையில எறங்குச்சு? ஒவ்வொரு வாய்க்கும் தண்ணியக் குடிச்சு உள்ள தள்ளுனேன். அவ வேத்து வீட்டுப் பொண்ணு. நான் மொகத்தச் சுழிச்சா ஒங்கண்ணனக் கூட்டிக்கிட்டு மேல ஏறிருவாளோன்னு பயம். ஒங்கிட்ட எனக்கென்ன பயம்? தொட்டித் தண்ணியில முக்கி எடுத்தாலும் நீ என்னைய விட்டுட்டு எங்க போகப்போற?"

வேறு யாராவதாக இருந்தால் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பயந்து பயந்து பார்த்துக்கொண்டது அவளை. பயமே இல்லாமல் வாளியைத் தூக்கியது என்மேல். என்னிடமும் கொஞ்சம் பயந்திருக்கலாம்தானே? இவளும் போய்விடுவாளோ என்று ஒரே ஒரு நாள் நினைத்து, ஒரே ஒரு வாய் நல்லாருக்குத்தா என்று சொல்லியிருக்கலாம்தானே? மோர்ச் சோறு கரைத்துக் கொண்டுவந்து வைத்தேன். அம்மா தண்ணீர் குடிக்காமல், நிதானமாக, கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டாள்.

மாவில் ஓர் உருண்டை மிச்சம் இருந்தது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "அந்தப் பலகையக் கொண்டா. ஒனக்கு ஒண்ணு அழுத்தித் தர்றேன்" என்றாள். முழங்கால் தாங்காது என்றேன். கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அதில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். தூக்குவதற்கு அவளிடம் கனமே இல்லை. பலகையை எடுத்துப் பார்த்தால் ரொட்டி பாதிகூட அழுந்தவில்லை. மதினிக்கு அவ்வளவு மெலிதாக வந்த ரொட்டி, எனக்கு அடை மாதிரித் தடியாக வந்திருந்தது. அதைக் கல்லில் போட்டேன். நடுவில் வேகவும் இல்லை. மூத்தவள் பாதி கேட்டாள். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, முழுவதையும் நானே தின்றேன்.