செல்வி வாய்விட்டுக் கத்திய நாள்: கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பிரசவப் பயணம்

வழக்கமாக அருவி, கோயில், மெஸ் சாப்பாடு என்று எழுதுகிறவள் இந்த முறை பிரசவ வார்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். ஊர் சுற்றிய இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் வீடு திரும்பியதில்லை.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்குத் தம்பி மனைவி செல்வி போன் செய்தாள். "அண்ணி, வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. வந்துருவீங்க இல்ல?" தம்பி சிப்காட் கம்பெனியில் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான், உள்ளே போன் கிடையாது. அவளுடைய அம்மா, செல்வியின் மூத்த மகளைப் பார்த்துக்கொண்டு பள்ளிப்பட்டில் இருந்தார்.

பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று கும்மிடிப்பூண்டி அரசு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது நான்தான் என்று ஏழாம் மாசமே வாக்குக் கொடுத்திருந்தேன். காரணம், செல்வியின் முதல் பிரசவம். வேறோர் ஊரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வலியில் கத்தியவளைத் தொடையில் அடித்து, காது கூசும்படி பேசியிருக்கிறார்கள். அதற்குப் பயந்தே அடுத்த குழந்தை வேண்டாம் என்று நாலு வருஷம் இருந்தாள்.

சென்னை மூர் மார்க்கெட் ஸ்டேஷனிலிருந்து 7.20 மின்சார வண்டி, டிக்கெட் பதினைந்து ரூபாய். மீஞ்சூரில் பாதிக் கூட்டம் இறங்கியது. பொன்னேரி தாண்டினால் இரண்டு பக்கமும் பச்சை. ரசிக்கும் நிலையில் நான் இல்லை. 8.50க்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். எண்பது ரூபாய்.

"இன்னாக்கா, டெலிவரி கேஸா? குந்து, குலுங்காம போறேன்" என்றார் ஓட்டுநர்.

என் தொப்பை செய்த வேலை! "நான் இல்லப்பா, தம்பி பொண்டாட்டி."

"அப்ப வேகமா போறேன்."

வார்டில் நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டார். "செல்வி, உள்ள கை வெச்சுப் பாக்கணும். பாக்கட்டுமா?"

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

இன்னும் நேரம் இருக்கிறது, நடங்கள் என்றார் நர்ஸ். வராண்டாவில் நடந்தோம். ஒன்றரை மணி நேரம் செல்வி மூச்சே காட்டவில்லை. "என்ன தைரியம்டி உனக்கு!" என்று நானும் மெச்சிக்கொண்டேன். மடத்தனம். திடீரென்று என் மணிக்கட்டில் அவள் நகம் இறங்கியது. பார்த்தால், நைட்டிமேல் போட்டிருந்த துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தேன்.

உள்ளே படுக்க வைத்துப் பார்த்தவர் பதறிவிட்டார். "தல தெரியுது! இன்னாம்மா, ரெண்டு பேரும் ஊமை நாடகம் ஆடிக்கினு இருக்கீங்க?"

"கத்துனா திட்டுவீங்கன்னு..." என்றாள் செல்வி.

நர்ஸ் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, "யாரும் திட்ட மாட்டாங்க. நல்லா கத்து தாயி" என்றார்.

கத்தினாளே பார்க்கணும்! "நைனா!" என்ற சத்தம் பள்ளிப்பட்டில் இருக்கும் அவள் அப்பாவுக்கே கேட்டிருக்கும். "எல்லாரும் அம்மாவக் கூப்புடுவாங்க, இவ நைனாவக் கூப்புடுறா" என்று நர்ஸ் சிரிக்க, நானும் சிரித்து, அந்த வலியிலும் செல்வி சிரித்துவிட்டாள். 11.12க்குப் பெண் குழந்தை. துடைத்து அப்படியே அவள் நெஞ்சில் போட்டார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

துணைக்குப் போகிறவர்களுக்கு: துணையை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். வலியில் அவள் பிடிக்கிற பிடியில் வளையல் உடையும், மோதிரம் அழுத்தும். தண்ணீரும் பிஸ்கட்டும் உங்களுக்கும் வேண்டும். சத்தமே போடாதவளைத் தைரியசாலி என்று மெச்சாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். என்ன குழந்தை என்று கேட்கும் முன் பெற்றவளை விசாரியுங்கள்.

இரண்டரைக்குக் கம்பெனி ஷூவோடு ஓடி வந்த தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். கட்டிலருகில் போய், "ரொம்ப வலிச்சிச்சா?" என்று கேட்டான்.

"வலிச்சிச்சு" என்றாள் செல்வி. "ஆனா இந்த வாட்டி வலிக்கு மட்டும்தான் அழுதேன்."