மூன்றாவது பொத்தான்

எங்கள் கரையில் வள்ளங்களுக்கு டோக்கன் போடும் மென்பொருளை எழுதியவள் நான்தான். மீனவர் சங்கத்து அறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவளும் நான்தான். எழுதினவளே கொடுத்தால் ஒரு நாற்காலி மிச்சம் என்பது சங்கச் செயலாளரின் கெட்டிக்காரத்தனம்.

வள்ளம் போவதும் திரும்பி வருவதும் சேர்ந்து ஒரு பதிவு. இரண்டும் இருந்தால்தான் அது முழுமை. இடையில் கரண்டு போகும், நெட் போகும், ஒரே எண்ணை இரண்டு பேர் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்தேன். அரைகுறைப் பதிவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மென்பொருள் அடுத்த வள்ளத்தைக் கவனிக்கும். ஒன்றுக்காக வரிசை நிற்கக் கூடாது. ஓரத்தில் கிடப்பதை முடித்துவைக்க இரண்டு பொத்தான்கள்: 'வந்தது', 'ரத்து'. ரத்து என்றால் அந்த வள்ளம் போகவே இல்லை என்று ஆகிவிடும்.

போன வள்ளம் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை. மறதி இல்லை. கடலுக்குப் போகிறவனிடம் இங்கே யாரும் 'போ' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வா' என்றுதான் சொல்வோம். அந்த வாயோடு வளர்ந்தவளின் கையும் அப்படித்தான் எழுதும்.

என் தம்பி அன்று தனியாகப் போனான். "அக்கா, உன் மெசினு முழிச்சிட்டா?" என்று கேலி பண்ணித்தான் டோக்கன் வாங்கினான். வள்ளம் மட்டும் கீழவைப்பார் கரைப் பக்கம் கிடைத்தது. தேடினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அவன் ஆத்துமாவுக்காகக் கோயிலில் பூசை வைத்தோம். மறுநாள் வேலைக்கு வந்தேன். திரையில், 'ஒரு பதிவில் பிழை. மற்றவை தொடர்கின்றன' என்று இருந்தது. நான் எழுதிய வாக்கியம். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்கின கன்னம்போல மனசு மரத்துக் கிடந்தது. டோக்கன் கொடுத்தேன். டீ வந்தது, குடித்தேன்.

வருஷம் திரும்பியது. தம்பியின் பதிவு ஓரத்திலேயே கிடந்தது. ஓரத்தில் ஒன்று கிடந்தாலும் புது வருஷக் கணக்கு திறக்காது. அதுவும் நான் வைத்த விதிதான். செயலாளர் நயமாகத்தான் சொன்னார். "ரெண்டுல ஒண்ண அமுக்கு, பிள்ள. விடிஞ்சா வள்ளம் போவணும்லா."

தம்பி மனைவியைக் கூப்பிட்டு இரண்டு பொத்தான்களையும் காட்டினேன். திரையில் விரல் வைத்து வாசித்தாள்.

"வந்துட்டாவன்னு அமுக்கினா, வீட்டுல ஆளு எங்க, மயினி? போகவே இல்லன்னா, பொறவு எங்கதான் இருக்காவ?"

அவளை உட்காரவைத்துவிட்டு மூன்றாவதாக ஒரு பொத்தான் எழுதினேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. 'போனது, வரவில்லை.'

"போனாவன்னு இருக்குல்லா, அது போதும்" என்று அவளே அமுக்கினாள். புதுக் கணக்கு திறந்தது.

மறுநாள் விடியலில் முதல் வள்ளக்காரர் கை நீட்டினார். டோக்கனைக் கொடுத்தேன். வழக்கமாக நான் சொல்லும் வார்த்தைக்காக நின்றார். எனக்கு நாக்கு எழவில்லை. அவரே சொன்னார்.

"போயிட்டு வாரேன், தாயி."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.