பஞ்சர் கடைக்காரர் மகளின் கை

சூளகிரியில் நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் ஷௌகத் அலியைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொழுகை தவறமாட்டார், கூலியில் ஏமாற்றமாட்டார். ஆனால் வாய் திறப்பதற்குள் கை ஓங்கிவிடும். மகள் ஜீனத்துக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கையைத் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு வேண்டும் என்றபோது கன்னத்தில் அறைந்தார். கல்லூரியில் இயற்பியல் என்றபோது இடுப்பு வாரை உருவினார். கேட்டது கிடைக்காமல் போகவில்லை. அடி முதலில் கிடைக்கும், அனுமதி பிறகு கிடைக்கும். வீங்கிய இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே தாய் ரஹமத் பீவி, கோபம் தணிந்துவிட்டது, இனிமேல் ஒத்துக்கொள்வார் என்பாள். இதையும் ஒரு வழக்கம் என்று ஒரு குடும்பம் வைத்துக்கொண்டிருந்ததே, அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கடையில் ஆள் வராத நாட்களில் ஜீனத்தான் அவருக்குக் கையாள். லாரி டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்க இரும்பு லிவரை எந்த இடத்தில் கொடுத்து எப்படி அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோள்கள் உரமேறிக் கிடந்தன. கல்லூரிப் பேருந்தில் வேண்டுமென்றே மேலே சாய்ந்த ஒருவனை அவள் குத்திய குத்தில் அவன் மூக்கு உடைந்தது. அன்று கல்லூரியிலிருந்து போன் வந்தது, வீட்டில் ஜீனத்தின் மூக்கும் உடைந்தது. தன் கையை நினைத்து அவளுக்கே பயம் வந்தது அப்போதுதான். அத்தாவின் கை தனக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தாள்.

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. கர்நாடகத்துக்குள் இருக்கும் ஒரு வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் மாணவர்களுக்குக் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி. விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் வாயு ஓயாமல் மெல்லிய அலைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதைப் பெரிய ஆன்டெனாக்களால் கேட்கிறார்கள். அந்த வேலையில் இரண்டு மாதம் உடனிருக்கலாம். ஷௌகத் அலி வழக்கம்போல அடித்தார், வழக்கம்போல ஒத்துக்கொண்டார். ஆனால் இந்த முறை ஒரு நிபந்தனை போட்டார். வம்பு என்று ஒரே ஒரு போன் வந்தாலும் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன், அதோடு படிப்பும் முடிந்தது, ஓசூர் செல்போன் கம்பெனியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன் என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

ஜீனத் அங்கே போய் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். நிலையத்தார் புதிதாக ஒரு சிறிய ஆன்டெனா வைக்க மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், சூளகிரி வட்டாரத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். வானத்து அலை அவ்வளவு மெல்லியது. பக்கத்தில் ஒரு மோட்டார் பொறி விட்டாலும் அதை விழுங்கிவிடும். அதனால் முதலில் அந்த வட்டாரத்து மின் இரைச்சலை அளக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற உள்ளூர்ப் பெண் என்று வழிகாட்டி குருமூர்த்தி ஜீனத்தைத் தேர்ந்தெடுத்தார். உடன் பயிற்சிக்கு வந்திருந்த ஹரீஷ்குமாரையும் அனுப்பினார். அவன் எறும்பைக்கூடச் சுற்றிப் போகிறவன்.

கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம். சூளகிரிக்கு மேற்கே, காட்டை ஒட்டிய தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். ஹரீஷ்குமார் கையில் அலுமினியக் குச்சிகள் வைத்த ஆன்டெனா. ஜீனத் தோளில் தொங்கிய பெட்டியில் சிறிய ஒலிபெருக்கி. ஒரு தோட்டத்தை நோக்கித் திருப்பியதும் பெட்டி கொர்ரென்று இரைந்தது. கம்பிவேலியில் யாரோ நேராக லைனிலிருந்து மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள், ஈரப் புல் பட்ட இடத்தில் பொறி பறக்கிறது என்று ஜீனத்துக்குப் புரிந்துவிட்டது. வேலிக்கு உள்ளே போகும் வண்டித்தடத்தில் இறங்கிப் பார்த்தார்கள். திடீரென்று இரைச்சல் நின்றது.

நிறுத்தியவர் தோட்டக்காரர் திம்மப்பன். அந்தக் காட்டில் ரேடியோ அலை அனுப்பும் கழுத்துப்பட்டை மாட்டிய யானைகளை வனத்துறைக்காரர்கள் இப்படித்தான் ஆன்டெனாவை நீட்டித் தேடுவார்கள். ஊரில் அதைப் பார்க்காதவர் இல்லை. போன வருடம் பக்கத்துத் தோட்டத்து மின்வேலியில் ஒரு யானை செத்து, தோட்டக்காரர் ஜெயிலுக்குப் போனார். திம்மப்பன் ஆன்டெனாவைப் பார்த்தார், பாரஸ்ட்காரன் வந்துவிட்டான் என்று முடிவு கட்டினார், மோட்டார் கொட்டகைக்கு ஓடிப்போய் வேலியின் சுவிட்சை அணைத்தார், அங்கே சாய்த்து வைத்திருந்த மண்வெட்டிக் காம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கேள்வி எதுவும் கேட்கவில்லை. முதல் அடி ஹரீஷ்குமாரின் முதுகில் விழுந்தது. ஆன்டெனாவைப் பிடுங்கி மிதித்து நொறுக்கினார். ஹரீஷ்குமார் வாயில் ரத்தத்தோடு, நாங்கள் மாணவர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அது இன்னும் கெடுதலாகப் போயிற்று. அதிகாரிதான் ஆங்கிலம் பேசுவான் என்று வயிற்றில் உதைத்தார். குறுக்கே போன ஜீனத்தின் முகத்தில் முழங்கையால் இடித்தார். அவள் உதடு கிழிந்தது. ஆனாலும் அவள் கையைத் தூக்கவில்லை. வம்பு என்று போன் போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்ற ஒரே நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினாள். அந்தக் கெஞ்சலை இப்போது நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசும்.

திம்மப்பன் காம்பைக் கீழே போட்டுவிட்டு ஹரீஷ்குமாரின் சட்டைக் காலரைப் பிடித்து வேலியை நோக்கித் தரதரவென்று இழுத்தார். கம்பிக்கு அந்தப்பக்கம் தூக்கி எறிந்துவிடுவது அவர் எண்ணம். அந்த நேரம் பார்த்து, ஜீனத்தின் தோளில் இருந்த பெட்டி மறுபடி கொர்ரென்றது. வேலி அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் ஆன்டெனா இல்லாமலே பொறியின் இரைச்சல் கேட்டது.

மோட்டார் கொட்டகைப் பக்கம் வந்த திம்மப்பனின் மனைவி செல்லி, சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்தாள். பொழுது சாய்ந்துவிட்டது, மனுஷன் மறந்துவிட்டார் என்று போட்டுவிட்டாள். அவள் நின்ற இடத்திலிருந்து வேலி தெரியாது.

"வேலில கரெண்ட் வந்துருச்சுங்க, விடுங்க" என்று ஜீனத் கத்தினாள். தெலுங்கில் கத்தினாள், "கரெண்ட் உந்தி." கன்னடத்தில் கத்தினாள், "கரெண்ட் இதெ."

"நானே அணைச்சுட்டு வந்தன்டி. யாருகிட்ட கத உடறே?" என்றார் திம்மப்பன். ஹரீஷ்குமாரைத் தூக்கினார். அவன் தலைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

ஜீனத் காம்பை எடுத்தாள். அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கடையில் லிவரைக் கொடுக்கிற அதே கணக்கில், அவர் மணிக்கட்டுக்கு மேலே முழு பலத்தோடும் இறக்கினாள். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. ஹரீஷ்குமார் இந்தப் பக்கம் சரிந்தான். திம்மப்பன் அலறிக்கொண்டு அவள் மேல் பாய்ந்தார். அவள் இன்னொன்று கொடுத்தாள், முழங்காலில். அவர் விழுந்தார். விழுந்தவரை மூன்றாவதாகவும் அடித்தாள். அந்த மூன்றாவது அடிக்கு அவசியமே இல்லை.

அலறல் கேட்டு அவர் வளர்த்த நாய் வேலிக்கு வெளியிலிருந்து பாய்ந்து வந்தது. எசமானிடம் போக, எப்போதும்போலக் கம்பிக்கு அடியில் நுழைந்தது. ஒரு முறைதான் கத்தியது. ரோமம் கருகும் நாற்றம் வந்தது, உடம்பு கம்பியோடு ஒட்டிக்கொண்டு துடித்து அடங்கியது. திம்மப்பன் மண்ணில் கிடந்தபடி அதைப் பார்த்தார். பிறகு ஹரீஷ்குமாரைப் பார்த்தார். அவன் கம்பியில் பட்டிருந்தால் அவனைப் பிடித்திருந்த தன் உயிரும் போயிருக்கும் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அங்கேயே வாந்தி எடுத்தார். ஓடிவந்த செல்லியிடம் சுவிட்சை அணைக்கச் சொன்னது ஜீனத்தான்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் திம்மப்பன் போலீசிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்தப் பெண் அடிக்காவிட்டால் அந்தப் பையனும் நானும் பிணம் என்றார். ஜீனத் மேல் வழக்கில்லை என்று குருமூர்த்தி வந்து சொன்னார். பயிற்சியைத் தொடரலாம், வீட்டில் சம்மதித்தால் போதும் என்றார். ஆனால் அதற்குள் ஒரு காவலர் சூளகிரிக்குப் போன் செய்து, உங்கள் மகள் ஒரு ஆளின் கையை உடைத்துவிட்டாள் என்று முடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவுதான் சொல்லத் தோன்றியிருக்கிறது.

ஷௌகத் அலி வந்தார். கிழிந்த உதட்டைப் பார்த்தார், வீங்கிய கண்ணைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எலும்பு முறிவுப் பிரிவின் வாசலில், அத்தனை நோயாளிகள் முன்னால் கையை ஓங்கினார். ஜீனத் அந்தக் கையை நடுவழியில் பிடித்தாள்.

"அத்தா, இன்னிக்கி ஒரு ஆளோட கைய ஒடச்சிட்டேன். மொத அடி உசுர காப்பாத்த. கடைசி அடி நல்லா இருந்துச்சு, அதுக்காவ அடிச்சேன். நீங்களும் எனக்கு அந்த ஆள் மாதிரியே தெரிய ஆரம்பிச்சுட்டீங்க. இனிமே அடிக்காதீங்க."

அவர் கையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார், பார்த்ததும் அவருடைய தோள்கள் குறுகி, மற்றக் கை தன் முகத்தை மறைக்க மேலே எழுந்தது. அடி வாங்கப் போகிற குழந்தை அப்படித்தான் கையை வைத்துக்கொள்ளும். அவருக்கும் அது யாரோ ஒரு காலத்தில் பழக்கிக்கொடுத்ததுதான் என்று ஜீனத்துக்குத் தெரிந்தது. பிடியைச் சட்டென்று விட்டாள்.

பயிற்சி முடிந்துதான் வீட்டுக்கு வருவேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். ஷௌகத் அலி சரி என்று தலையசைத்தார். முகத்துக்கு முன்னால் எழுந்த கையை இறக்கவும் மறந்து, அவள் குருமூர்த்தியின் ஜீப்பில் ஏறும்வரை அங்கேயே நின்றார்.