என் மகளுக்குக் கரி தேவையில்லையாம்

இன்று மகளைக் கூட்டிக்கொண்டு, இங்கே சுவிஸில் பழைய பண்ணை வீடுகள் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அந்தக் காலத்துக் கிராமத்துக் கிறிஸ்மஸைக் காட்டுகிறார்கள்.

விறகடுப்பில் சுட்ட பாண், மெழுகுதிரி வார்ப்பது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இந்த ஊர்க் கிறிஸ்மஸ் தாத்தாவான சாமிக்லவுஸ் வந்தார். கூடவே முகமெல்லாம் கரி பூசிய அவருடைய உதவியாள் ஷ்முட்ஸ்லி. வரிசையில் நின்ற பிள்ளைகளின் மூக்கில் அவர் கொஞ்சம் கரி தொட்டுவிட்டார்.

என் மகளின் முறை வந்தபோது, பின்னால் நின்ற ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "இவளுக்குக் கரி தேவையில்லையே!"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நான் திரும்பி, அவருடைய சுவிஸ் டொச் மொழியிலேயே சொன்னேன்: "ஆறு வயதுப் பிள்ளை. அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்."

"பகிடி விளங்காதா உங்களுக்கு?" என்றபடி போய்விட்டார். சிரித்தவர்கள் திடீரென்று பண்ணை வீட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"விடுங்கோப்பா, பிள்ளை பயப்பிடுறாள்" என்றாள் மனைவி.

விட்டேன்.

காரில் மகள் கேட்டாள்: "அப்பா, நான் முகம் கழுவிட்டுத்தானே வந்தனான்?"

இதில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று விளங்கினவர்கள் கீழே எழுதுங்கள்.