யாரோ ஒரு சகோதரி

இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததை மறைத்தால் அதுவும் ஒரு பொய். பொய் சொன்னது போதும்.

2006-ஆம் வருடம். கீழ்க்கட்டளையில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் துரைப்பாக்கத்துக்குப் பைக்கில் வேலைக்குப் போவார். வரப் பத்து நிமிடம் தாமதமானால் எனக்கு நெஞ்சு படபடக்கும். பள்ளிக்கரணை ரோட்டில் ஏதோ ஆகிவிட்டது என்றே தோன்றும். விடாமல் போன் செய்வேன். "மீட்டிங்ல இருக்கேன் சுதா! ஆபீஸே சிரிக்குது" என்று கத்துவார். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார். அவர் எடுக்காத நேரங்களில், மூன்று வயது மகள் ஜெனி சோற்றைச் சிந்தினால்கூட அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன. அதன்மேல் பவுடர் போட்டு ஆலயத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே நான் சிறுபிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை.

எங்கள் பெண்கள் உபவாச ஜெபத்தில் ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். சொந்தக் குறையைச் சொல்ல வெட்கமாக இருந்தால் 'ஒரு சகோதரிக்காக' என்று எழுதுவது வழக்கம். நானும் எழுதினேன்: பிள்ளையை அடிக்கிற ஒரு சகோதரிக்காக.

ஜெபத்தை நடத்தும் ஸ்டெல்லா அக்கா சீட்டை வாங்கி வாசித்துவிட்டு, "பச்சப் புள்ளைய அடிக்க எப்படித்தான் கை வருதோ! யாரும்மா அவ?" என்றார்.

"எங்க தெருவுல இருக்காங்க அக்கா."

"நீயாச்சும் புத்தி சொல்லக் கூடாதா?"

எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன்.

இணையத்தில் ஆலோசனை சொல்லும் ஒரு சகோதரியின் மின்னஞ்சல் முகவரி ஒரு பத்திரிகையில் கிடைத்தது. பிரவுசிங் சென்டரில் ஜெனியை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். அங்கும் 'எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி'தான். ஆங்கிலத்தில் எழுதியதால் பொய் இன்னும் சுலபமாக வந்தது. மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள், கோபம் ஏறினால் அடுத்த அறைக்குப் போகச் சொல்லுங்கள் என்று அவர் பொறுமையாகப் பதில் போட்டார். நான் ஒன்றையும் செய்யவில்லை. வேறு யாருக்கோ சொன்னதுபோல் வாசித்துவிட்டு வந்தேன்.

நான்காவது பதிலில் கேட்டார்: "அந்தச் சகோதரியையே எனக்கு எழுதச் சொல்வீர்களா? காத்திருக்கிறேன்."

முகம் எரிந்தது. இரண்டு வாரம் பிரவுசிங் சென்டர் பக்கமே போகவில்லை. அப்போது ஒருநாள் ஜெனியின் வாயைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். அவள் இரண்டு கைகளாலும் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

சமையலறைத் தரையில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, அந்தச் சகோதரி நான்தான்." அவருக்குத் தெரியாததா? ஆனாலும் அதுவரை அவரிடம்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. உண்மையைச் சொல்ல வாய் தாரும் என்று மட்டும் கேட்டேன். அது ஜெபமா, புலம்பலா என்று இன்றும் தெரியவில்லை.

மறுநாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் ஆங்கிலம் வரவில்லை. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தேன்: "நான்தான் அக்கா." அதே மாதிரி பதில் வந்தது: "தெரியும்மா. நீங்க வந்தது நல்லது. இனி உங்களைப் பத்திப் பேசலாம்." வாரம் ஒருமுறை எழுதுங்கள், தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், முதலில் கணவரிடம் சொல்லுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் என் கணவர் ஷூவைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். அடித்தது, பவுடர் போட்டது, எல்லாம். அவர் ஜெனியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் வந்ததும் பாப்பா ஓடிவந்து ஒட்டிக்கிறது இதுக்குத்தானா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னைக் குத்துகிறது. பிறகு சொன்னார்: "நானும் போனை எடுத்திருக்கணும். டாக்டர்கிட்ட நானும் வரேன்." உண்மையைச் சொல்ல வாய் கேட்டேன், அதைக் கேட்க ஒரு காதையும் கர்த்தர் கொடுத்தார்.

ஒரே நாளில் நான் மாறவில்லை. டாக்டரையும் பார்த்துக்கொண்டு, எட்டு மாதம் அந்த அக்காவுக்கு எழுதினேன். அதற்கிடையில் இரண்டு முறை கையை ஓங்கினேன், அடிக்காமல் இறக்கினேன். அதையும் எழுதினேன்.

பிறகு ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தச் சகோதரி நான்தான் என்றேன். ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் என்ன யோக்கியமா? என் பையன் முதுகைக் கேட்டா சொல்லும்" என்று சொல்லி அழுதார்.

சகோதரிகளே, உங்களுக்காக ஜெபம் கேட்கும்போது உங்கள் பெயரையே சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும். எனக்கு இப்போதும் இருக்கிறது. அந்த வெட்கத்தோடேயே வாருங்கள். நான் அப்படித்தான் வந்தேன். கர்த்தர் என்னைத் தள்ளிவிடவில்லை.